கேண்டி, பேர்ல், மேட்: நல்ல டப்பா வாங்கினால் யார் அடித்தாலும் வருமா?

புனலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டது: "அண்ணாச்சி, 2012 ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். கேண்டி சிவப்பு அடிக்க ரொம்ப நாள் ஆசை. நல்ல கம்பெனி பெயிண்ட் வாங்கிக் கொடுத்துவிட்டால் யார் அடித்தாலும் ஒரே கலர்தானே வரும்? இங்கே கேட்கிற கூலியில் பாதிக்குச் செங்கோட்டைப் பக்கம் அடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். ஆடிக்கு முன்னால் முடித்துவிடலாமா?"

2024 ஜூன் 8, காலை

வராது. டப்பா, தின்னர், பெயிண்டைப் பீய்ச்சுகிற கன் எல்லாம் ஒன்றாகவே இருந்தாலும் கை மாறினால் கலர் மாறும். கேண்டி என்கிற பல அடுக்குச் சாய வேலை வரைக்கும் போகவே வேண்டாம், சாதா சில்வரிலேயே இதைப் பார்க்கலாம்.

மெட்டாலிக் பெயிண்டில் மினுங்குவது அலுமினியம். தூள் என்று சொல்கிறோமே தவிர எல்லாம் தட்டையான பொடிச் செதில்கள். பெயிண்ட் ஈரமாக இருக்கும்வரை அவை உள்ளே நகர்ந்துகொண்டிருக்கும். காயும்போது எப்படிப் படுத்திருக்கிறதோ அதுதான் நம் கண்ணுக்குத் தெரிகிற கலர். கன்னைக் கிட்டத்தில் பிடித்து ஈரமாக இறக்கினால் செதில் தாறுமாறாக நிற்கும், கலர் கறுக்கும். தள்ளிப் பிடித்து, காற்றைக் கூட்டி, உலர்வாக அடித்தால் செதில் தட்டையாகப் படியும், கலர் வெளுக்கும். நீங்கள் ஒரே டப்பாவை இரண்டு ஷெட்டுக்குப் பிரித்துக் கொடுத்தால் இரண்டு சில்வர் வாங்கி வருவீர்கள்.

பம்பரைக் கழற்றித் தனியாகக் கிடையில் வைத்து அடித்து, பிறகு வண்டியில் மாட்டினால் ஃபெண்டருக்கும் பம்பருக்கும் கலர் ஒட்டாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணத்தில் பாதி இதுதான். பம்பர் வண்டியில் எப்படி நிற்குமோ அப்படியே ஸ்டாண்டில் நிறுத்தி, அதே தூரத்தில், அதே நாளில் அடிக்க வேண்டும்.

ஜூன் 8, இரவு

இனி கேண்டி. அடியில் சில்வர் அல்லது தங்க நிற பேஸ். அதற்கு மேல் கண்ணாடி மாதிரி உள்ளே பார்வை போகிற சாயக் கோட்டிங்குகள். எல்லாவற்றுக்கும் மேலே கிளியர், அதாவது நிறமில்லாத பளபளப்புப் பூச்சு. வெளிச்சம் சாயத்துக்குள் நுழைந்து, அடியில் பேஸில் பட்டு, மறுபடி அதே சாயத்தின் வழியாக வெளியே வருகிறது. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. அந்த ஆழம் அங்கிருந்துதான் வருகிறது.

ஆபத்தும் அங்கிருந்துதான். சாதா சிவப்பில் ஓரிடத்தில் ஒரு கோட்டிங் கூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. கேண்டியில் கூடின இடம் கறுத்துக் காட்டும், குறைந்த இடம் வெளுத்துக் காட்டும். ஒவ்வொரு ஓட்டமும் முந்தின ஓட்டத்தின் மேல் பாதி ஏறினால் சாதா பெயிண்டுக்குப் போதும். கேண்டிக்கு முக்கால் பங்கு ஏற வேண்டும். அதுவும் முன் ஃபெண்டரில் கன்னைத் திறந்தால் டிக்கி மூலை வரைக்கும் பக்கவாட்டில் நடந்துகொண்டே ஒரே ஓட்டம். நடுக்கதவில் நின்று மூச்சுவிட்டால் அங்கே ஒரு பட்டை நின்றுவிடும். எங்கள் பேச்சில் அது புலி வரி. கிளியர் போட்டால் மறையும் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள், கிளியர் ஏறின பிறகுதான் அது இன்னும் எடுப்பாகத் தெரியும்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஆசான் புனலூர்க்காரர்தான். கன்னில் தண்ணீரை ஊற்றி, பழைய டெம்போ கதவில் ஓட்டச் சொல்வார். தகரம் காய்வதற்குள் ஈரம் எங்கே தடித்திருக்கிறது, எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று விரலால் காட்டுவார். பெயிண்டைக் கையில் தருவதற்கு முன் மாதக்கணக்கில் தண்ணீர்தான். இன்றைக்கும் புதுப் பையன் வந்தால் எங்கள் ஷெட்டில் அதேதான்.

ஜூன் 9

பாறசாலை நண்பர் கேட்கிறார்: "கம்பெனியில் ரோபோதானே அடிக்கிறது? அங்கே கை எங்கே வந்தது?"

நல்ல கேள்வி. ஜப்பானில் மாஸ்டா கம்பெனி 2012இல் சோல் ரெட் என்று ஒரு சிவப்பு கொண்டுவந்தது. மூன்று அடுக்கு, பார்க்கக் கேண்டி மாதிரியே ஆழம். அந்தப் பெயிண்ட் முறைக்கு அவர்கள் வைத்த பெயர் தகுமிநூரி, கைதேர்ந்தவரின் பூச்சு என்று அர்த்தம். அனுபவசாலியான பெயின்டர் கையால் அடிக்கிற மாதிரி ரோபோவைப் பழக்கியிருக்கிறோம் என்று அவர்களே பெருமையாகச் சொல்கிறார்கள். ரோபோவுக்கும் ஒரு ஆசான் தேவைப்பட்டிருக்கிறார்.

தவிர அங்கே பூத், அதாவது பெயிண்ட் அடிக்கிற மூடின அறைக்குள் சூடு, ஈரம், காற்று எல்லாம் நாள் முழுக்க ஒரே அளவில் நிற்கும். எங்கள் ஷெட்டில் காலை பத்து மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் தின்னர் மாற்ற வேண்டியிருக்கிறது.

ஜூன் 11

ஆடிக்கு முன்னால் முடிக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். கேண்டியாக இருந்தால், பூத் இல்லாத ஷெட்டில், இப்போது வேண்டாம்.

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது. உங்கள் ஊரில் மழை கொட்டுகிறது, ஆரியங்காவுக் கணவாய் வழியாக அந்த ஈரக்காற்று எங்கள் பக்கம் இறங்குகிறது. ஊருக்கெல்லாம் இது கொண்டாட்டம், பெயின்டருக்கு மட்டும் கஷ்ட காலம். நேற்று ஷெட்டில் சூடு 26 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். இந்தக் கணக்கில் சுமார் 24 டிகிரியில் பனி இறங்கும். பெயிண்ட் அடிக்கப்போகிற தகரம் அந்தப் பனிநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாகச் சூடாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. அப்படியானால் தகரம் 27ஐத் தாண்ட வேண்டும். ராத்திரி முழுக்க ஷெட்டில் கிடந்த வண்டியின் பானட்டைக் காலையில் தொட்டுப் பாருங்கள், 24 கூட இருக்காது. கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் அதன் மேல் உட்கார்ந்திருக்கும். அதன் மேல் நீங்கள் எவ்வளவு விலையுள்ள டப்பாவைக் கொட்டினாலும் பிடிமானம் தண்ணீரோடுதான், தகரத்தோடு இல்லை.

இன்னொன்று கம்ப்ரசர். ஈரக்காற்றை அமுக்கினால் அதிலிருக்கிற தண்ணீர் டேங்கில் இறங்கும். சாரல் நாளில் டேங்க் அடித் திருகைத் திறந்தால் பால் நிறத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் சளசளவென்று கொட்டும். கொட்டாமல் விட்டால் அது குழாய் வழியாகக் கன்னுக்கு வரும். பேனல் நடுவில் ஒரே ஒரு சொட்டு துப்பினால் போதும், அந்தப் பக்கம் முழுக்க மறுபடி தேய்ப்புதான். எங்கள் ஷெட்டில் கன்னுக்கு முன்னால் தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிற வாட்டர் டிராப் இரண்டு, அதற்கு முன்னால் இரும்புக் குழாயை மேலேற்றி இறக்கி ஓட்டியிருக்கிறோம். காற்று குளிர்ந்து தண்ணீர் குழாயிலேயே தங்கிவிடும்.

அடுத்தது ஹார்டனர். 2கே கிளியரில் கலக்கிற ஹார்டனருக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது. தண்ணீரோடு சேர்ந்தால் வாயு விடும். கிளியருக்குள் பொடிப்பொடியாகக் குமிழ் நிற்கும், பளபளப்பு மங்கும். திறந்த ஹார்டனர் டப்பாவைச் சாரல் காலத்தில் அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த வாரம் எடுப்பது காசைத் தெருவில் போடுகிற வேலை.

வெள்ளை, சாதா சிவப்பு எல்லாம் இந்தக் காலத்திலும் அடிக்கிறோம். லைட் போட்டுத் தகரத்தைச் சூடேற்றி, மதியம் பார்த்து, ஒவ்வொரு கோட்டிங்குக்கும் நடுவில் கூடுதலாகக் காயவிட்டு அடித்தால் நிற்கும். கேண்டியில் கோட்டிங் அதிகம், ஒவ்வொன்றும் பேஸோடு சேர்ந்து தெரியும், அதனால்தான் தள்ளிப்போடச் சொல்கிறேன். எங்கள் பக்கம் மாசி, பங்குனிதான் கேண்டிக்கு நல்ல காலம்.

ஜூன் 12

மேலே 2கே என்று எழுதினது பலருக்குப் புரியவில்லை போல. பெயிண்டும் ஹார்டனரும் கலந்ததும் ரசாயனமாகக் கெட்டிப்படுவது 2கே, கடையில் பி.யூ. என்று கேட்பீர்கள். தின்னர் ஆவியானால் மட்டும் காய்வது பழைய என்.சி., நம் ஊரில் டூக்கோ என்றே பெயர் விழுந்துவிட்டது. என்.சி.யில் சாரல் நாளில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, வேறொன்றும் இல்லை.

ஜூன் 15

"பெயிண்ட் நடுவில் வட்டவட்டமாகக் குழி விழுகிறது, கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று கடையநல்லூர்த் தம்பி படம் போட்டிருக்கிறார். படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். மிளகு அளவு வட்டம், நடுவில் அடித் தகரம் தெரிகிறது, ஓரம் வரம்பு கட்டி நிற்கிறது. இது ஃபிஷ் ஐ. அந்த இடத்தில் எண்ணெயோ சிலிக்கானோ இருந்திருக்கிறது. பெயிண்ட் அதைத் தொடாமல் விலகிக்கொண்டது.

எங்கிருந்து வரும் என்று கேட்டால் எங்கிருந்தும் வரும். டயர் பாலிஷ், டாஷ்போர்டு பாலிஷ், கம்ப்ரசர் எண்ணெய், தலையில் தடவின தேங்காயெண்ணெய் கையில் பட்டு அந்தக் கை பேனலில் பட்டது. பிரானூர்ப் பக்கம் நண்பர் ஒருவர் ஷெட் வைத்திருந்தார். காலையில் அடிக்கிற வண்டி சுத்தமாக வரும், சாயங்காலம் அடிக்கிறதில் மட்டும் குழி. கன்னை மாற்றினார், டப்பாவை மாற்றினார், தின்னர் கடையையே மாற்றினார். கடைசியில் பார்த்தால் பின் சுவரை ஒட்டிப் புரோட்டாக் கடை. மாலையில் கல் சூடானதும் எண்ணெய்ப் புகை ஷெட் கூரை இடுக்கு வழியாக உள்ளே வந்து பேனலில் படிந்திருக்கிறது. நேந்திரங்காய் வறுக்கிற கடை பக்கத்தில் இருந்தாலும் இதே கதிதான்.

தம்பி, உங்கள் ஷெட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். பிறகு துணி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். மெழுகு நீக்கியை ஒன்றால் தடவி, அது காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். தானாகக் காயவிட்டால் கரைந்த எண்ணெய் திரும்ப அங்கேயே படிந்துவிடும்.

ஜூன் 16

புனலூர் நண்பருக்கு ஒரு வேலை. எந்த ஷெட்டுக்குப் போனாலும் முதலில் மாதிரித் தகடு கேளுங்கள்.

ஒரு அடி நீளத் தகட்டில் முழுக்க பேஸ் அடித்து, அதன் மேல் கேண்டியைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். முதல் பட்டையில் ஒரு கோட்டிங், அடுத்ததில் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. எல்லாவற்றின் மேலும் கிளியர். உங்களுக்குப் பிடித்த சிவப்பு எந்தப் பட்டையில் இருக்கிறது என்று வெயிலில், நிழலில், டியூப் லைட்டில், ராத்திரி தெருவிளக்கில் என்று எல்லா வெளிச்சத்திலும் பார்த்து முடிவு செய்யுங்கள். வெயிலில் தீப்பிழம்பாக இருக்கிற கேண்டி நிழலில் கறுத்த திராட்சை நிறத்துக்குப் போய்விடும். பலர் இதை வண்டி முடிந்த பிறகுதான் பார்க்கிறார்கள்.

சில்வர் பேஸில் ஒரு தகடு, தங்க பேஸில் ஒரு தகடு. தங்கத்தின் மேல் சிவப்பு அடித்தால் சூடான சிவப்பு, சில்வர் மேல் அடித்தால் கொஞ்சம் ரோஜாப் பக்கம் சாயும். எனக்குத் தங்கம்தான் பிடிக்கும், எங்கள் பக்கத்து வெயிலுக்கு அதுதான் உயிர்.

தகடு அடித்துக் காட்டத் தயங்குகிற இடத்தில் வண்டியை விடாதீர்கள். கூலி குறைவு என்பதெல்லாம் அதற்கப்புறம் பேசுகிற பேச்சு.

ஜூன் 20

இதைத்தான் முதலில் எழுதியிருக்கலாம். கேண்டி அடிப்பதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது கலரைப் பற்றி இல்லை, கீறல் விழுந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றி.

கழுதுருட்டி, ஆரியங்காவு, புளியரை எஸ் வளைவு என்று தினமும் ஓடுகிற வண்டி. எதிரே சரக்கு லாரி ஒதுங்க, நாம் ஒதுங்க, சுவரில் கதவு உரசும். சாதா வெள்ளையென்றால் அந்தக் கதவை மட்டும் பட்டி பார்த்து, தேய்த்து, சாயங்காலம் வண்டியை எடுத்துப் போகலாம். கேண்டியில் கதவை மட்டும் அடித்துப் பக்கத்துப் பேனலோடு சேர்க்க முடியாது. பேஸ் ஒட்ட வேண்டும், சாயத்தின் தடிமன் ஒட்ட வேண்டும், ஒன்று பிசகினாலும் கதவு தனியாகக் கூவும். நாங்கள் ஒத்துக்கொள்கிற ஒரே வழி, உரசின பக்கம் முழுவதையும் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் திரும்ப அடிப்பது.

கொல்லத்துக்காரர் ஒருவர் தங்க பேஸில் கேண்டி அடித்துக்கொண்டு போனார். மறு வருஷமே பின் கதவு உரசிவிட்டது. இன்ஷூரன்ஸில் ஒரு சாதா கதவு பெயிண்டுக்கு மட்டும்தான் பணம் வந்தது, மீதி அவர் பையிலிருந்து. அந்த மனிதர் ஷெட் வாசலில் அந்தக் கீறலைத் தடவிக்கொண்டு நின்றது எனக்கு இப்போதும் வருத்தம். அன்றிலிருந்து யார் கேண்டி என்று வந்தாலும், அடிப்பதற்கு முன்பே இன்ஷூரன்ஸ்காரருக்கு எழுதிக் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு வரச் சொல்கிறேன்.

தினசரி ஓட்டத்துக்கு ஒரே வண்டி என்றால் பைக் டேங்கில் கேண்டி அடித்து ஆசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்வதுண்டு. சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். பரவாயில்லை.

ஜூன் 23

ஆர்.டி.ஓ. விஷயம் பலர் கேட்டிருக்கிறார்கள். நிறம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிற விவரம். மாற்றினால் வண்டி பதிவான ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லி, ஆர்.சி.யிலும் மாற்றிக்கொள்ள வேண்டும். கேரளப் பதிவு வண்டியைச் செங்கோட்டையில் அடித்தாலும் காகித வேலை உங்கள் ஊர் ஆபீஸில்தான். அங்கே சோதனை கெடுபிடி என்பது உங்களுக்கே தெரியும்.

ராணுவப் பச்சை மட்டும் யாரும் கேட்க வேண்டாம். 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதிப்படி அந்த ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான். பழைய ஜீப் வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்.

பச்சோந்தி பெயிண்ட் என்று ஒன்று உண்டு, பார்க்கிற கோணத்துக்குக் கோணம் ஊதா, பச்சை, தங்கம் என்று மாறும். 1996இல் ஃபோர்டு கம்பெனி மஸ்டாங் கோப்ரா காரில் மிஸ்டிக் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது, மொத்தம் 1,999 கார்தான் அந்த நிறத்தில். ஒரு வாடிக்கையாளர் அதை அடித்துக்கொண்டு ஆபீஸுக்குப் போய், "என்ன நிறம் என்று எழுத?" என்று கேட்டதற்கு, "சார் எந்தப் பக்கம் நின்று எழுதுகிறீர்களோ அந்த நிறம்" என்றாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் அடிப்பதற்கு முன்னால் கேட்டுக்கொண்டு அடிப்பதுதான் சரி.

ஜூன் 24

நிறம், சட்டம் என்று பேச்சு வந்ததும் பாலக்காட்டு நண்பர் டூரிஸ்ட் பஸ்ஸை இழுத்துவிட்டார். கொஞ்சம் விலகிப் போகிறேன்.

கேரள டூரிஸ்ட் பஸ் என்றால் ஒரு காலத்தில் ஓடுகிற ஓவியம். பக்கம் முழுக்க ஏர்பிரஷ்ஷில் புலி, கழுகு, தெய்யம், சினிமா முகம், அதன் மேல் கேண்டி, அதன் மேல் பொடி மினுக்கு. சபரிமலை சீசனில் புளியரை வழியாக வரிசையாக வரும்போது நாங்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவில் நின்று பார்ப்போம். நிழல் எப்படிப் போட்டிருக்கிறார், கண்ணில் அந்த ஒளிப்புள்ளி எங்கே வைத்திருக்கிறார் என்று அதில்தான் படித்தோம்.

2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில் டூரிஸ்ட் பஸ் மோதி ஒன்பது பேர் போனார்கள், பள்ளிப் பிள்ளைகளும் அதில். அதற்குப் பிறகு எல்லா டூரிஸ்ட் பஸ்ஸுக்கும் வெள்ளை நிறம் என்ற விதியைக் கண்டிப்பாக்கிவிட்டார்கள். வெள்ளை உடம்பு, நடுவில் ஊதாவும் பொன்னிறமுமாக ஒரு கோடு. அந்தப் பிள்ளைகளின் பெற்றோரை நினைத்தால் இதைப் பற்றி வாய் திறக்கவே மனம் வராது. அதே நேரத்தில், கழுகின் இறகை ஒவ்வொன்றாக எழுதின கைகள் வெள்ளை அடித்து அதை மூடினதையும் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவர் இப்போது ஹெல்மெட்டிலும் பைக் டேங்கிலும் எழுதுகிறார். எழுதுகிற இடம் சின்னதாகிவிட்டது, கை அப்படியே இருக்கிறது.

ஜூலை 2

இன்று கோபத்தோடு எழுதுகிறேன். ஒரு வீடியோவில் பையன் ஒருவன் மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு மூடின ஷெட்டில் கிளியர் அடிக்கிறான். கீழே எல்லோரும் "சூப்பர் ஃபினிஷ்" என்று எழுதியிருக்கிறார்கள்.

ஹார்டனரில் ஐசோசயனேட் என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. ஆஸ்துமாவை உண்டாக்குகிற பொருள். மூக்கில் வாசனை தெரிகிற அளவுக்கு வருவதற்கு முன்பே கெடுதல் செய்கிற அளவைத் தாண்டியிருக்கும், அதனால் வாசனையை நம்ப முடியாது. உடம்புக்கு ஒரு தடவை அது ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலே இழுப்பு வரும். அப்புறம் அந்த ஆள் பெயிண்ட் ஷெட் பக்கமே வர முடியாது. தோல் வழியாகவும் அது ஏறும்.

ஈரத்துண்டு எதையும் தடுக்காது. தூசி மாஸ்க்கும் தடுக்காது. கரி டப்பா வைத்த மாஸ்க் கொஞ்சம் தாங்கும், ஆனால் டப்பா தீர்ந்ததை அது சொல்லாது. சரியான வழி வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொண்டுவருகிற முகமூடிதான். அதற்கும் சுவாசிக்கத் தகுந்த, எண்ணெய் நீக்கின காற்று வேண்டும். கன்னுக்குப் போகிற குழாயிலிருந்து அப்படியே இழுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது. கைக்கு நைட்ரைல் கையுறை. தின்னரில் கை கழுவுவதை விட வேண்டும், அது தோலின் எண்ணெயையெல்லாம் எடுத்துவிட்டு ரசாயனத்துக்கு வழி திறந்துவிடுகிறது.

என் ஆசான் துண்டு கட்டித்தான் அடித்தார். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான். இப்போது படி ஏறினால் இரண்டாம் படியில் நின்றுவிடுகிறார், பாக்கெட்டில் எப்போதும் இன்ஹேலர். பார்க்கப் போனால் ஷெட் சட்டையை மாற்றிவிட்டுத்தான் போகிறேன், அந்த வாடையே அவருக்கு ஆகாது. கேண்டி சிவப்பில் அவர் கையை மிஞ்சின கையை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்தக் கை கன்னைத் தொட்டுப் பல வருஷமாகிறது.

வாடிக்கையாளர்களும் ஒன்று செய்யலாம். கூலி பேசும்போது முகமூடி இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்கள் கேட்டால் ஷெட்காரர் வாங்குவார்.

ஜூலை 3

நேற்றையதற்கு, "வீட்டில் ஸ்பிரே கேன் வைத்து அடித்தால் ஆபத்தில்லையா?" என்று கேட்டவருக்கு: சாதா ஸ்பிரே கேனில் ஹார்டனர் கிடையாது. அடியில் பொத்தானை அமுக்கிக் கலக்குகிற 2கே கிளியர் கேனில் உண்டு. அதை வீட்டு வராந்தாவில் அடிக்காதீர்கள்.

ஜூலை 14

பேர்ல் பற்றித் தனியாகக் கேட்டிருந்தார்கள். பேர்லில் இருப்பது அபிரகம், அதாவது மைக்கா. பொடி மைக்காத் துண்டின் மேல் டைட்டானியம் டைஆக்சைடை மெல்லிய தோலாகப் பூசியிருப்பார்கள். தோல் மெல்லிசாக இருந்தால் வெள்ளி வெளிச்சம். தடிமன் ஏற ஏறத் தங்கம், சிவப்பு, நீலம், பச்சை என்று மாறும். சாயம் ஒன்றுமே இல்லை, தோலின் தடிமன்தான் கலர். மைக்கா வருவதற்கு முன்னால் மீன் செதிலிலிருந்து எடுத்த பளபளப்பைத்தான் முத்து நிறத்துக்குப் பயன்படுத்தினார்கள்.

தென்மலை பட்டாம்பூச்சிப் பூங்காவுக்குப் போனவர்கள் புத்தமயூரியைப் பார்த்திருக்கலாம், 2018இல் கேரளத்தின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்கள். அதன் இறக்கையில் அந்தப் பச்சை நீலப் பட்டை மினுங்குகிறதே, அதுவும் சாயம் இல்லை, செதிலின் அமைப்பு. பேர்ல் கலக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

அடிக்கிற முறைக்கு ஒரே ஒரு குறிப்பு. பேர்ல் கனமானது, கப்பின் அடியில் இறங்கிவிடும். நடுவில் கன்னை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டாமல் அடித்தால் முதல் கதவு ஒரு மாதிரி, கடைசிக் கதவு ஒரு மாதிரி. அந்தப் பெரிய மினுக்குச் செதில் கலந்த ஃபிளேக் பெயிண்டுக்குக் கன் முனையில் 1.3 மி.மீ. துளை நாசில் அடைத்துக்கொள்ளும், 1.8க்கு மேல் போங்கள். அதன் மேல் கிளியர் பல கை ஏற்றித் தேய்த்தால்தான் விரலுக்குச் சொரசொரப்பு போகும்.

ஜூலை 21

மேட் ஃபினிஷ் கேட்டு மூன்று கேள்வி. சுருக்கமாக: மேட் கிளியரில் பொடி சிலிக்கா இருக்கிறது, அது வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. பாலிஷ் போட முடியாது. போட்டால் அந்த இடம் மட்டும் பளபளக்கும். கீறலைத் தேய்த்து எடுக்க முடியாது. பலாமரத்தடியில் நிறுத்திப் பால் சொட்டினாலும், பறவை எச்சம் பட்டாலும், அன்றைக்கே நிறையத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, அழுத்தாமல் எடுக்க வேண்டும். ஓட்டுநர் வைத்து வண்டி ஓட்டுகிறவர்கள், அதாவது வண்டியைத் தானே கழுவாதவர்கள், மேட் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

ஆகஸ்ட் 4

"இவ்வளவு கஷ்டம் என்றால் ஸ்டிக்கர் ராப் ஒட்டிக்கொள்ளலாமே?" என்று நாகர்கோவில் நண்பர். தாராளமாக. அடியில் கம்பெனி பெயிண்ட் பத்திரமாக இருக்கும், ஒரு பேனல் உரசினால் அந்தப் பேனலை மட்டும் உரித்து ஒட்டலாம். நிறம் மாறினால் ஆர்.சி. விஷயம் இதற்கும் உண்டு. ஒருதடவை திரும்ப அடித்த வண்டியில் ஒட்டினால், உரிக்கும்போது அடியில் பிடிமானம் சரியில்லாத பெயிண்ட் கையோடு வந்துவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ராப்பில் கேண்டியின் ஆழம் எனக்குக் கண்ணில் படவில்லை. நன்றாக அடித்த கேண்டி பானட்டின் முன்னால் காலை வெயிலில் நின்றால் கை உள்ளே போய்விடும் போலிருக்கும். அந்த ஒரு தோற்றத்துக்காகத்தான் இவ்வளவு மெனக்கெடுகிறோம்.

ஆகஸ்ட் 18

புனலூர் நண்பர் இரண்டு ஷெட்டில் மாதிரித் தகடு வாங்கிவிட்டுப் போன வாரம் மூன்றாவதாக எங்களிடம் வந்தார். மூன்றையும் வாசலில் வெயிலில் வரிசையாக வைத்துப் பார்த்தோம். முதல் ஷெட் தகடு ஓரத்தில் கறுத்து நடுவில் வெளுத்திருந்தது, கை திரும்புகிற இடத்தில் கன்னை மூடவில்லை. இரண்டாவது, உண்மையைச் சொன்னால், நன்றாகவே இருந்தது. அவர் அங்கேயே அடித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான் என்று அவரிடமே சொன்னேன். தங்க பேஸ், நான்கு கோட்டிங் பட்டையில் விரலை வைத்திருக்கிறார். எங்கே அடித்தாலும் தை கழிந்த பிறகுதான் என்பதில் உறுதியாகிவிட்டார்.

எங்கே அடித்தாலும் சரி, வேலை முடிந்ததும் ஷெட்காரரிடம் ஒரு தாள் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேஸின் பெயரும் கலர் எண்ணும், கேண்டியின் பெயர், தின்னர் வேகமானதா மெதுவானதா, என்ன விகிதம், நாசில் அளவு, காற்று எத்தனை, எத்தனை கோட்டிங், நடுவில் எவ்வளவு நேரம் காயவிட்டது, அன்றைய சூடும் ஈரமும். அதே நாளில், அதே கன்னில், வண்டியோடு சேர்த்து அடித்த ஒரு தகட்டையும் கேளுங்கள். தாளையும் தகட்டையும் துணியில் சுற்றி டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் போட்டு வையுங்கள், வெயில் படக் கூடாது. மீந்த கேண்டியை ஒரு சின்ன டப்பாவில் இறுக்கி மூடி வீட்டில் வையுங்கள், ஹார்டனர் கலந்ததை மட்டும் வைக்காதீர்கள், அது மறுநாளே கல்லாகிவிடும்.